கூட்டுப்புழு முதல் பறக்கவிடும் வரை: வீட்டில் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் புறவாசலில் ஒரு நாட்டு எலுமிச்சை, இரண்டு கறிவேப்பிலை, ஒரு செவ்வரளி, மதிலோரம் தானாக முளைத்த எருக்கு ஆகியவை இருக்கின்றன. இவற்றில் வரும் கூட்டுப்புழுக்களில் ஆபத்தில் இருப்பவற்றை எடுத்துவைத்து, பூச்சி வெளிவந்ததும் பறக்கவிடுவது பல வருடப் பழக்கம். அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் பேத்தியின் பள்ளித் தோழிகளும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் நம் திருநெல்வேலிச் சீமையின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றவை.

கூட்டுப்புழு எங்கே கிடைக்கும்? விலைக்கு வாங்கலாமா?

வாங்க வேண்டாம். தேவையும் இல்லை. எருக்கு நிற்கும் எந்தத் தெருவிலும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி இருக்கும். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இருந்தால் எலுமிச்சை அழகியும் கறிவேப்பிலை அழகியும் வரும். அரளியில் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். பள்ளிக்கூட வளாகங்களில் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்க மரத்துக்கும், சரக்கொன்றைக்கும், தரையோடு படரும் ஆடுதின்னாப்பாளைக்கும் தனித்தனிப் பூச்சிகள் உண்டு. வண்ணத்துப்பூச்சி பூவைப் பார்த்துத் தேனுக்கு வரும்; முட்டையிட இலையைத் தேடி வரும். எனவே கூட்டுப்புழு வேண்டுமென்றால் பூச்செடியை விட்டுவிட்டு, கடித்த இலை இருக்கும் செடியைப் பாருங்கள். அதற்குக் கீழே மிளகு போன்ற எச்சம் கிடந்தால், புழு அங்கேதான் இருக்கிறது.

செடியில் இருப்பதை எடுத்துவரலாமா? இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது நல்லதா?

இருந்த இடத்திலேயே விடுவதுதான் நல்லது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தேர்ந்தெடுத்த இடம் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பதைவிட மேலானது.

ஆனால் நம் ஊரில் சில காலங்களில் எடுத்தே ஆகவேண்டும். மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கத் தொடங்குவார்கள். எலுமிச்சை அழகியின் புழு முதிர்ந்ததும் செடியை விட்டு இறங்கி, மதில், சன்னல் கட்டை, குழாய் என்று ஏறிக் கூடாகிவிடும். சுவரைச் சுரண்டும் தகட்டுக்கு அது பழைய சுண்ணாம்புக் கட்டியும் ஒன்றுதான். வெள்ளையடிக்க ஆள் வருவதற்கு முந்தின நாள் நான் சுவர் முழுவதும் நடந்து பார்த்துவிடுவேன். அதுபோல ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி. எருக்கம்பூ மாலைக்காகக் கொத்துக் கொத்தாக ஒடிக்கும்போது இலைக்கடியில் தொங்கும் வெந்தய வரியனும் கூடவே வந்துவிடும். மாலை கட்டிய பிறகு ஒதுக்கிப் போடும் கொப்புகளைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். சென்ற ஆண்டு தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் சொல்லிவைத்தேன். மூன்று கூடுகளை வாழையிலையில் வைத்துத் தந்தார்.

ஆடு மேயும் இடம், சாலையோரம் வெட்டப்படும் புதர், சந்தையிலிருந்து வந்த கறிவேப்பிலைக் கொத்து ஆகியவற்றில் இருப்பதையும் எடுக்கலாம். ஒரே நேரத்தில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். நெருக்கமாக வைத்தால் ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் தொற்றும்.

எந்தக் கூடு எந்தப் பூச்சியுடையது என்று எப்படி அறிவது?

வெந்தய வரியனின் கூடு தலைகீழாகத் தொங்கும். சின்ன நெல்லிக்காய் அளவு, மெழுகு பூசியது போன்ற வழவழப்பு, வெளிர்பச்சை அல்லது வெளிறிய இளஞ்சிவப்பு. இடுப்பில் கறுப்பும் பொன்னும் கோத்த மாதிரி ஓர் அரைவளையம் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அந்த வளையத்தைப் பாருங்கள். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்பதுபோல் இருக்கும்.

வெண்புள்ளிக் கருப்பனுடையதும் தொங்கும். கூடான மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளிச் சொம்பு போலப் பளபளக்கத் தொடங்கிவிடும். அரளி இலையின் அடியில் அதைப் பார்த்தால் அதில் உங்கள் முகம் தெரியும்.

எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டும் தலை மேலாக, வால் நுனியை ஒட்டவைத்து, இடுப்பில் பட்டுநூல் கட்டிச் சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்கும். பனையேறி இடுப்பில் கயிறு போட்டுச் சாய்ந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தோற்றம்தான். தலையில் இரண்டு கூர் இருக்கும். பச்சைத் தண்டில் கூடானது பச்சையாகவும், காய்ந்த குச்சியிலோ சொரசொரப்பான சுவரிலோ ஆனது பழுப்பாகவும் இருக்கும். நிறம் வேறானாலும் இனம் ஒன்றுதான். புழு தான் நிற்கும் இடத்துக்கேற்ப நிறத்தைத் தீர்மானித்துக்கொள்கிறது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். ஒரே கறிவேப்பிலைச் செடியில் எடுத்த இரண்டு கூடுகளிலிருந்து ஒரே மாதிரியில்லாத பூச்சிகள் வந்தால் தவறு நடந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். கறிவேப்பிலை அழகியில் ஆண் ஒரே வடிவம்: கறுப்பு, பின்சிறகில் வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். மற்ற இரண்டும் ஆடுதின்னாப்பாளையைத் தின்று நஞ்சேறிய அழகி இனங்களைப் பார்த்து அச்செடுத்ததுபோலச் சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். பறவைகள் நஞ்சென்று நினைத்து விலகிப் போகும்.

கம்பளிப்பூச்சி கட்டிய கூட்டையும் இப்படி வளர்க்கலாமா?

மயிரும் நூலும் கலந்து பஞ்சுப்பொதி போலக் கட்டியிருந்தால் அது அந்துப்பூச்சியினுடையது. நம் ஊர் வண்ணத்துப்பூச்சிகளின் கூடு வெறும் தோல் இறுகிய ஓடுதான். மேலே பட்டுப் பொதி இராது. மயிர் பட்டால் அரிக்கும் என்பதால் கம்பளிப்பூச்சியைக் கைபடாமல் விட்டுவிடுங்கள்.

ஒட்டியிருக்கும் கூட்டைப் பிய்க்காமல் எடுப்பது எப்படி?

ஒரு நாள் பொறுங்கள். அப்போதுதான் கூடாகியிருந்தால் உடம்பு வெண்ணெய் போல இருக்கும். விரல் பட்டாலே நசுங்கும். மறுநாள் இறுகிவிடும்.

செடியில் இருந்தால் கூட்டைத் தொடவே வேண்டாம். இரண்டு விரற்கடை கொப்போடு வெட்டி எடுங்கள். இலைக்காம்பில் தொங்கினால் தண்டோடு சேர்த்து வெட்டுங்கள். இலை காய்ந்து உதிர்ந்தால் கூடும் விழுந்துவிடும்.

சுவரில் இருந்தால் வால் நுனிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டுத் திட்டு தெரியும். கூட்டின் வாலில் நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன. அவை அந்தத் திட்டில் மாட்டியிருக்கும். கூட்டைப் பிடித்து இழுத்தால் வயிறு கிழிந்துவிடும். சவர பிளேடின் முனையைச் சுவரோடு படியவைத்துத் திட்டோடு சேர்த்து வழித்தெடுங்கள். இடுப்பு நூலின் இரு முனைகளையும் அதேபோல் சுவரை ஒட்டி அறுங்கள். எருக்கு, அரளி இரண்டுமே பாலும் நஞ்சும் உள்ளவை. வெட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை மங்கும். உடனே நல்ல தண்ணீரில் நெடுநேரம் கண்ணைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளிடம் இந்த வெட்டும் வேலையைத் தராதீர்கள்.

கூடு கீழே விழுந்துவிட்டது. செத்துப்போகுமா?

ஓடு உடைந்து நீர் கசியவில்லை என்றால் பிழைத்துவிடும். தொங்கும் இனமாக இருந்தால் வாலில் ஒட்டியிருக்கும் பட்டுத் துணுக்கில் ஒரு தையல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, குச்சியில் தொங்கவிடுங்கள். பட்டுத் துணுக்கே இல்லையென்றால் வால் நுனியில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. பசை உடம்பில் படக்கூடாது.

அழகி இனங்களுக்கு எங்கள் வீட்டு முறை ஒன்றுண்டு. கடலைப் பொட்டலம் மடிப்பது போலச் சின்னதாக ஒரு காகிதக் கூம்பு செய்து, தலை மேலே தெரிய அதில் நிறுத்தி, கூம்பைச் சற்றுச் சாய்த்து வலையில் குத்திவையுங்கள். அவ்வளவுதான். கூம்பின் வாய் அகலமாக இருக்கட்டும். வெளியே வரும் பூச்சி காலூன்றி ஏறுவதற்குச் சொரசொரப்பான காகிதமாக இருந்தால் நல்லது.

எதில் வைத்து வளர்ப்பது?

என் முதல் கூட்டுப்புழுவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, மூடியில் ஆணியால் துளை போட்டேன். அழகாகத்தான் தெரிந்தது. ஒன்பதாம் நாள் காலையில் பூச்சி வெளியே வந்தது. வழவழத்த கண்ணாடியில் ஏற முயன்று, வழுக்கி வழுக்கி அடியில் விழுந்தது. நான் எழுந்து பார்த்தபோது பாட்டிலின் அடியில் சிறகுகள் மடிந்தவாக்கிலேயே காய்ந்திருந்தன. ஆறு நாள் உயிரோடு இருந்தது, ஒரு முறைகூடப் பறக்கவில்லை. அந்தப் பாட்டிலை அதன்பிறகு நான் எதற்கும் எடுக்கவில்லை.

கண்ணாடி, வழவழப்பான பிளாஸ்டிக், எவர்சில்வர் எல்லாம் வேண்டாம். வலை வேண்டும். சாப்பாட்டை மூடும் வலைக்கூடை போதும். கம்பிச் சட்டத்தில் பழைய கொசுவலையைச் சுற்றித் தைத்தாலும் சரிதான். உயரம் ஒரு முழம் இருந்தால் நிம்மதி. கூட்டுக்குக் கீழே பூச்சியின் விரிந்த சிறகைப்போல் இரண்டு மடங்கு இடமாவது காலியாக இருக்க வேண்டும். அடியில் பழைய வேட்டித்துணியை விரியுங்கள். எங்கள் வீட்டில் பத்தமடைப் பாயின் கிழிந்த துண்டு ஒன்றைச் சுவராகச் சாய்த்து வைத்திருக்கிறோம். கோரையின் வரிவரியான பிடிமானத்தில் பூச்சிகள் படியேறுவதுபோல ஏறிவிடுகின்றன.

வீட்டில் எந்த இடம் நல்லது?

வெளிச்சமும் காற்றும் வரும், நேர்வெயில் விழாத திண்ணை அல்லது சன்னலோரம். குளிரூட்டிய அறை வேண்டாம். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில் காயும்போது கூட்டுக்குள் ஈரம் வற்றி, பூச்சி ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் காலையும் மாலையும் வலையின் மேல் மட்டும் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். கூடு நனைந்து சொட்டக்கூடாது; பூஞ்சை பிடிக்கும்.

எறும்புதான் பெரிய எதிரி. ஒரே இரவில் கூட்டைத் துளைத்து வெறும் ஓடாக்கிவிடும். அந்தக் காலத்தில் பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தார்களே, அதே வழி. வலைக்கூடையை ஒரு முக்காலியில் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீரில் நிறுத்துங்கள். பல்லி நுழையும் இடுக்கு இருக்கக்கூடாது. எறும்புச் சாக்பீஸ், பாச்சை உருண்டை, கொசுவர்த்தி, செருகி வைக்கும் கொசு மருந்து ஆகிய எதுவும் அந்த அறையில் வேண்டாம். கொசுவைக் கொல்வது இதையும் கொல்லும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது கூடையை வெளியே எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் கொசுப்புகை வண்டி தெருவுக்கு வந்தால் கூடையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள்.

எத்தனை நாளில் வெளியே வரும்?

நம் ஊர் வெப்பத்தில் வெந்தய வரியன் எட்டிலிருந்து பத்து நாளில் வந்துவிடும். எலுமிச்சை அழகிக்கும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் அது சில சமயம் வாரக்கணக்கில் தூங்கும். மார்கழி, தை மாதங்களில் எடுத்த கூடு மூன்று வாரம் அசையாமல் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கிறதா, வயிற்று வளையங்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உயிர் இருக்கிறது.

கூடு கறுத்துவிட்டது. கெட்டுப்போனதா, பூச்சி வரப்போகிறதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வெளிவருவதற்கு முந்தின நாள் ஓடு கண்ணாடித்தாள் போலத் தெளிந்து உள்ளே சிறகு தெரியும். வெந்தய வரியனாக இருந்தால் செம்பழுப்பும், கறுப்பு நுனியில் வெள்ளைப் புள்ளிகளும் சின்ன அளவில் மடித்து வைத்ததுபோல் தெரியும். வடிவம் தெரிந்தால் நல்ல செய்தி, மறுநாள் காலை எழுந்துவிடுங்கள்.

வடிவம் எதுவும் இல்லாமல் ஒரே கறுப்பாக, தொட்டால் கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தால் நோய் கண்டு இறந்துவிட்டது. உடனே அப்புறப்படுத்தி, துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாக ஈ வந்துவிட்டதே?

வருத்தமாகத்தான் இருக்கும். புழுவாக இருந்தபோதே ஓர் ஒட்டுண்ணி ஈ அதன் மேல் முட்டையிட்டிருக்கும். ஈயின் புழுக்கள் உள்ளிருந்தே தின்று, கூட்டைத் துளைத்து, ஒரு நூலைத் தொங்கவிட்டு இறங்கும். கூட்டிலிருந்து நூல் தொங்கினால் அதுதான் அடையாளம். இன்னொரு வகை, மிகச் சிறிய குளவிகள். புதிதாகக் கூடாகி இன்னும் இறுகாத உடம்பில் இவை முட்டையிடும். பிறகு ஊசித்துளை வழியாகக் கூட்டமாக வெளிவரும். இவையெல்லாம் தோட்டத்தில் இருக்க வேண்டிய உயிர்கள்தான். முட்டைக்கோசைத் தின்னும் புழுவையும் இவைதான் அடக்கிவைக்கின்றன. அவற்றைக் கொல்ல மருந்து தேட வேண்டாம்.

பூச்சி வெளிவரும்போது என்ன நடக்கும்? நாம் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் காலையில், பால்காரர் வந்துபோகும் நேரத்தில் நடக்கும். முற்றிய வெண்டைக்காய் வெடிப்பது போலத் தலைக்குப் பின்னால் ஓடு பிளக்கும். முதலில் கால்கள் வெளியே வந்து ஓட்டைப் பற்றிக்கொள்ளும். பிறகு உடம்பு முழுவதும் சரேலென்று நழுவி வெளியே வரும். ஓரிரு நிமிடம்தான், குனிந்து காபி டம்ளரை எடுப்பதற்குள் தவறவிட்டிருக்கிறேன்.

வந்த உருவத்தைப் பார்த்தால் குழந்தைகள் ஏமாந்துபோவார்கள். வயிறு பருத்து, சிறகு கசங்கிய ஈரத்துணித் துண்டாக விரல்நகம் அளவுதான் இருக்கும். ஓட்டிலோ வலையிலோ தொங்கிக்கொண்டு வயிற்றிலுள்ள நீரைச் சிறகின் நரம்புகளுக்குள் தள்ளும். சிறகு அடியிலிருந்து நுனிவரை மெல்ல நீவி விரியும். பத்து, இருபது நிமிடத்தில் முழு அளவுக்கு வந்துவிடும். உறிஞ்சுகுழல் அப்போது இரண்டு தனித்தனி இழைகளாகத்தான் இருக்கும். பூச்சி அதைச் சுருட்டியும் நீட்டியும் இரண்டையும் ஒன்றாக இணைத்துக்கொள்ளும். உருப்பெருக்கியில் இதைப் பார்த்த அன்று நான் சமையலை மறந்துவிட்டேன். பிறகு சிறகு உலர இரண்டு மணி நேரமாவது ஆகும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. கூடையை நகர்த்தாதீர்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தொங்கும் பூச்சி விழுந்துவிட்டால் மட்டும் ஒரு குச்சியை நீட்டி ஏறவைத்து மறுபடி தொங்கவிடுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் செய்தால் சிறகு சரியாகிவிடும்.

பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டிருக்கிறது. ஓட்டைப் பிரித்துவிடலாமா?

வேண்டாம். ஈரச்சிறகு ஓட்டோடு ஒட்டியிருக்கும். நகம் பட்டால் கிழியும். வலையில் சற்றுத் தண்ணீர் தெளித்து ஈரப்பதம் கொடுங்கள். அரை மணிக்கு மேலும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் உள்ளேயே நோய் கண்டிருக்கும், அல்லது ஈரம் வற்றிக் காய்ந்திருக்கும்.

“ஆச்சி, பூச்சிக்கு ரத்தம் வருகிறது!”

என் பேத்தி ஐந்து வயதில் அலறியடித்து ஓடிவந்து சொன்னது இது. அது ரத்தம் இல்லை. கூட்டுக்குள் உடம்பு மாறியபோது சேர்ந்த கழிவை, சிறகு விரிந்தபிறகு பூச்சி வெளியேற்றுகிறது. செம்பழுப்பாகச் சில துளி விழும். கறை போகாது, அதனால்தான் பழைய துணி.

என்ன சாப்பிடக் கொடுப்பது?

முதல் நாள் ஒன்றும் வேண்டாம். மழையால் மறுநாளும் வைத்திருக்க நேர்ந்தால், பத்து ஸ்பூன் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கரைத்து, பஞ்சில் நனைத்து வையுங்கள். தானாக உண்ணாவிட்டால் பூச்சியை மெல்ல அதன் மேல் ஏற்றுங்கள். வண்ணத்துப்பூச்சி காலால் சுவை அறியும். கால் நனைந்ததும் உறிஞ்சுகுழல் நீளும். இட்லிப்பூ, உண்ணிப்பூ, வெட்டுக்காயப் பூண்டின் பூ இவற்றைக் கொத்தாக வைத்தாலும் போதும்.

வெந்தய வரியன், கருப்பன் இவற்றில் ஆண்களுக்கு இன்னொரு தேவை உண்டு. கிலுகிலுப்பைச் செடியும் தேள்கொடுக்குச் செடியும் காய்ந்து கிடக்கும் இடத்தில் இவை கூட்டமாக மொய்த்து, தண்டிலிருந்து ஒரு சாற்றை உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கும் மணத்தை அதிலிருந்துதான் தயாரிக்கின்றன. அதை நாம் ஊட்ட வேண்டியதில்லை. தோட்டத்தில் அந்தச் செடிகளைப் பிடுங்காமல் விட்டால் போதும்.

எப்போது, எப்படிப் பறக்கவிடுவது?

சிறகு உலர்ந்து, பூச்சி தானே சிறகை விரித்து மூடத் தொடங்கியதும். காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் வெயில் இதமாக இருக்கும்போது விடுங்கள். நண்பகலுக்குமேல் வெளிவந்தது என்றால் மறுநாள் காலைவரை வைத்திருக்கலாம். மாலையில் விட்டால் ஒதுங்க இடம் தேடுவதற்குள் இருட்டிவிடும்.

கூடையின் வாயைத் திறந்து செடியருகில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். விரலில் ஏற்ற விரும்பினால் முன்கால்களுக்கு எதிரே விரலை நீட்டுங்கள், அதுவே ஏறும். மேலே தூக்கி எறியாதீர்கள். காக்கையும் கரிச்சானும் மின்கம்பியில் உட்கார்ந்திருந்தால் சற்றுப் பொறுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் இரண்டு நாள்கூடச் சர்க்கரைத் தண்ணீரில் வைத்திருக்கலாம். மழை விட்டு வெயில் எட்டிப்பார்க்கும் இடைவெளியில் விடுங்கள். ஆனி, ஆடியில் சிக்கல் வேறு. அம்மியை நகர்த்தும் காற்று என்பது நம் பக்கத்துக்கு வெறும் பழமொழி மட்டும் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்றில் புதுச்சிறகு நிற்காது. மதிலின் காற்று மறைந்த பக்கத்தில், அடர்ந்த செடிக்குள் விடுங்கள்.

எடுத்த ஊரிலேயே விடுவது முக்கியம். அம்பாசமுத்திரத்தில் எடுத்ததைச் சென்னைக்குக் கொண்டுபோய் விட வேண்டாம்.

கல்யாண வீட்டில் பெட்டி திறந்து நூறு பூச்சிகளைப் பறக்கவிடுகிறார்களே?

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சின்ன உறையில் அடைத்து, பசியோடு பயணம் செய்து, விளக்கும் மேளமும் நிறைந்த மண்டபத்தில் விடப்படும் பூச்சிகளில் பல எழுந்து பறப்பதே இல்லை. வேறு ஊர் நோயும் கூடவே வரலாம். மகள் கல்யாணத்துக்கு வண்ணத்துப்பூச்சி வேண்டுமென்று ஆசைப்பட்டு என்னிடம் கேட்ட மதினிக்கு, தாம்பூலப் பையில் கறிவேப்பிலைக் கன்று வைத்துக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார். அந்தக் கன்றுகள் இப்போது பல வீடுகளில் நிற்கின்றன.

சிறகுப் பொடி கண்ணில் பட்டால் பார்வை போய்விடுமா?

போகாது. நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்லி வந்த பயம் இது. அந்தப் பொடி, நாட்டு ஓடு வேய்ந்ததுபோலச் சிறகின் மேல் அடுக்கியிருக்கும் நுண்ணிய செதில்கள். நிறம் அதில்தான் இருக்கிறது. கண்ணில் விழுந்தால் தூசி விழுந்தது போல உறுத்தும், கழுவினால் போதும். பயப்பட வேண்டியது முன்பு சொன்ன எருக்கம்பாலுக்குத்தான். குழந்தைகளைச் சிறகைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்வது பூச்சியின் நலனுக்காக.

சிறகு வளைந்து பிறந்துவிட்டது. என்ன செய்வது?

நுனி சற்று மடங்கியிருந்தால் பறந்துவிடும், விட்டுப் பாருங்கள். பறக்கவே முடியாததைத் தொட்டிச்செடியில் வைத்து, தினமும் புதிய பூவும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுங்கள். அதன் வாழ்நாளே சில வாரங்கள்தான்.

புழுக்கள் எலுமிச்சைக் கன்றையே மொட்டையாக்கிவிடுகின்றன. பயிருக்குக் கேடு இல்லையா?

நாற்றங்காலிலும் இளங்கன்றிலும் கேடுதான். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்துப் பிழைப்பவரிடம் போய், புழுவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வளர்ந்த மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மீண்டும் தழைத்துவிடும். வீட்டில் சின்னக் கன்றில் நிறையப் புழு இருந்தால், சிலவற்றைப் பெரிய மரத்துக்கோ கறிவேப்பிலைக்கோ மாற்றிவிடுங்கள். சிறு புழு காக்கை எச்சம் போலவும், வளர்ந்தது பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலையிலிருந்து கவட்டை போன்ற உறுப்பை நீட்டிக் காரமான வாடையடிக்கும், கடிக்காது. எங்கள் வீட்டுச் சமையலுக்கு ஒரு கறிவேப்பிலை, பூச்சிக்கு ஒன்று என்று பிரித்துவிட்டோம்.

மணிமுத்தாறு, களக்காடு மலைப்பக்கம் போகும்போது அரிய கூடு கிடைத்தால்?

கண்ணால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்திலிருந்து ஓர் இலையைக்கூட எடுக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. 2019இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குரியது. அதன் புழு தின்னும் நீரடிமுத்து மரம் நம் வீட்டுத் தொட்டியில் வளராது. காட்டின் பூச்சி காட்டிலேயே இருக்கட்டும்.

விட்ட பூச்சி திரும்பி வருமா?

பேத்தி ஒவ்வொரு முறையும் கேட்பாள். இன்னதுதான் நாம் விட்டது என்று சொல்ல அடையாளம் ஏதும் இல்லை. ஆனால் போன வெள்ளிக்கிழமை காலையில் எலுமிச்சை அழகி ஒன்று எங்கள் கன்றைச் சுற்றிக்கொண்டே இருந்தது. பூப்பக்கம் போகவில்லை. ஓர் இலையில் இறங்கி முன்கால்களால் படபடவென்று தட்டியது, விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனது. ஐந்தாவதோ ஆறாவதோ தளிரில் வயிற்றை வளைத்து ஒரு நொடி நின்றது. அது போனபிறகு இருவரும் குனிந்து பார்த்தோம். இளமஞ்சளாக, கசகசாவைவிடச் சற்றுப் பெரியதாக, ஒரே ஒரு முட்டை. மூன்று, நான்கு நாளில் பொரிக்கும். பேத்தி அந்தக் கொப்பில் ஒரு சிவப்பு நூல் கட்டிவைத்திருக்கிறாள், யாரும் ஒடித்துவிடக் கூடாதென்று.